இருபத்து நான்கை எட்டு என்றேன்

திருப்பூரில் என் பிழைப்பே துணியில் குறை கண்டுபிடிப்பதுதான். லென்ஸை வைத்து, ஊசி முனையால் இஞ்சுக்கு எத்தனை லூப் என்று எண்ணுவேன். எந்தப் பார்ட்டிக்காகவும் எண்ணிக்கையை மாற்றிச் சொன்னதில்லை. வீட்டில், என் கடல்நீர்த் தொட்டி முன்னால் மாற்றினேன்.

சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸில், தெர்மாகோல் பெட்டியில் வந்தது அது. உள்ளங்கை அகலக் கல். "சாஃப்ட் கோரலுங்க, பயப்படாதீங்க" என்றார் விற்றவர். பெயர் கேட்டேன், பேச்சை மாற்றினார். நானும் விட்டுவிட்டேன். மறுநாள் லைட் போட்டதும் கல்லிலிருந்து விரல்நீளக் காம்புகள் எழுந்து, நுனியில் பூவாக விரிந்து ஆடின.

பவளத்தை அடையாளம் காண, உணர்கொம்புகளை எண்ணினால் பாதி வேலை முடிந்தது. மென்பவளம் என்றால் ஒரு பாலிப்புக்கு எட்டு, அதுவும் இறகுபோல ஓரம் பிரிந்திருக்கும். கல்பவளத்தில் பெரும்பாலும் ஆறின் மடங்கு: ஆல்வியோபோராவுக்கு 12, கோனியோபோராவுக்கு 24. ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்கி, அதே ஊசியால் எண்ணினேன். 24. பக்கத்துப் பாலிப்பிலும் 24. இறகும் இல்லை.

கோனியோபோரா நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. கல்பவளங்கள் அத்தனையும் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்டன. புலி இருக்கிற அதே அட்டவணை. மாட்டினால் குறைந்தது 3 வருஷம் ஜெயில். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்ல ஒரு வழி வேண்டுமே! படத்தை அழித்தேன். பார்க்க வந்தவர்களிடம் "ஏதோ சாஃப்ட் கோரல், எட்டு கொம்பு" என்பேன். யாராவது கண்ணாடியோடு கண்ணை ஒட்டினால், "காபி ஆறுதுங்க" என்று ஹாலுக்கு இழுத்துப் போவேன்.

பெயரை மறைத்தவன் வைத்தியம் மட்டும் யாரிடம் கேட்பது? மாதக்கணக்கில் செழிப்பாக இருப்பதுபோலக் காட்டி மெல்லச் சாவது கோனியோபோராவின் வழக்கம். தொட்டி வைத்தவர்களுக்குப் பழைய செய்தி. எட்டாம் மாதம் காம்புகள் பாதிதான் எழுந்தன. ஓரத்தில் பழுப்புச் சதை உரிந்து வெள்ளை தெரிந்தது. தினமும் ராத்திரி அந்த வெள்ளை ஒரு நூலளவு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செத்ததைக் கழுவி லென்ஸில் பார்த்தேன். குழி குழியாக, பின்னல் துணி மாதிரியே. எண்ணவில்லை. எலும்பை வைத்திருப்பதும் குற்றம்தான். குப்பையில் போடப் பயம், வன அலுவலகத்துக்குப் போக அதைவிடப் பயம். நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியில், பழைய ஃபில்டருக்கு அடியில் இன்னும் கிடக்கிறது.