யார் முறை?

பழவேற்காடு ஏரியோரத் தோணிரேவுக்குள் நுழையும் வழியில் ஒரு மின்கம்பத்தில் கறுப்பு ஃபைபர் கேபிளைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவிழ்த்து இழுத்தால் ஏரிக்கரை வரை தாராளமாக வரும். கட்டிவிட்டுப் போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ரோட்டு வேலை முடியணும், பாக்ஸ் வரணும், கான்ட்ராக்ட் கைமாறிடுச்சு. ஏரியோரம் வாடகைக்கு வீடு எடுத்திருக்கும் நானும் அந்தக் கேபிளுக்காகக் காத்திருக்கிறேன். இணைய இணைப்புக்கு விண்ணப்பித்தபோது கோடை. இப்போது வடகிழக்குப் பருவமழை வந்து போய்விட்டது.

போனில் பேசும் பெண் மிக மரியாதையாகப் பேசுகிறார். "ஃபீஸிபிலிட்டி பாத்துட்டுக் கூப்பிடறோம் சார்." கூப்பிடுவதில்லை. கொஞ்ச நாளில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது: உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. யாரும் வந்து பார்க்கவில்லை, வரிசையிலிருந்து மட்டும் என் பெயர் போய்விட்டது. மறுபடி விண்ணப்பம், மறுபடி புது எண், மறுபடி கடைசி ஆள். எனக்கு முன்னால் எத்தனை பேர், வரிசை நகர்கிறதா இல்லையா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வலையின் கிழிசலை முடிந்துகொண்டே ஒருநாள் கேட்டார். "இன்னா தம்பி, உன் முறை என்னிக்கின்னு ஒரு தேதிகூடவா சொல்ல மாட்டாங்க?"

தாமதம் அவருக்குப் புரிந்தது. முறை தெரியாத காத்திருப்புதான் புரியவில்லை. புரியாததில் ஆச்சரியமும் இல்லை. இந்த ஏரியின் இறால் பிடிப்பு முறையின் மேல்தான் நிற்கிறது.

பாடு என்று அதற்குப் பெயர். கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் உள்ள இடங்களில்தான் இறால் நன்றாக விழும். அங்கே கம்பு நட்டுச் சுத்துவலை கட்டுவார்கள். அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம், வலைகள் நிறைய. எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, அடிதடிதான் நடக்கும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய, பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்கள் அந்த நீர்ப்பரப்பைத் தங்களுக்குள் முறைவைத்துக்கொண்டன. சீட்டுப் போடுவதும் சுழற்சியைக் கணக்கு வைப்பதும் ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. சுமாரான இடமும் அப்படித்தான். சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர், சூழல் மாறும்போது சிறு மீனவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று 2008இல் எழுதிய கட்டுரைக்கு இந்த ஏரியையும் இந்தப் பாட்டையும்தான் எடுத்துக்கொண்டார். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இறால் வலைக்கு இப்படிச் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிறார்கள்.

அந்த ஏற்பாட்டை யோசிக்க யோசிக்க எனக்கு மரியாதை கூடுகிறது. தன் நாள் எது என்று தெரிந்தவன், அது வரைக்குமான நாட்களுக்கும் சொந்தக்காரன். வலையை முடியலாம், பொன்னேரிக்குப் போய் வரலாம், கல்யாண வீட்டில் இரண்டு நாள் தங்கலாம். நானோ, டெக்னீஷியன் எந்நேரமும் வரலாம் என்ற ஒரே வார்த்தைக்காகப் பகல் முழுக்க வீட்டிலேயே கிடக்கிறேன். வராத ஆளுக்காக என் நாள் போகிறது. தேதி சொல்லாதவர்கள் எடுத்துக்கொள்வது இந்த நாட்களைத்தான். இதை யாரும் நஷ்டமாக எழுதி வைப்பதில்லை.

பாட்டில் குறை இல்லாமல் இல்லை. பெண்களுக்கு அதில் பங்கு கிடையாது. பட்டினவர் அல்லாதவர்களுக்கும் கிடையாது. இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் அந்த நல்ல இடங்களுக்கு வெளியேதான் பிழைக்க வேண்டும். இதனால் சச்சரவுகளும் வந்திருக்கின்றன. ஆனால் சச்சரவு செய்ய முடிகிறதே, அதைக் கவனிக்க வேண்டும். விதி ஊரறிய இருக்கிறது. அதனால் அநியாயமும் ஊரறிய இருக்கிறது. யாரிடம் போய் எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. என் குறுஞ்செய்தியோடு யார் சண்டை போட முடியும்?

பழைய தொலைபேசிக் காலத்தில்கூட இவ்வளவு இருட்டு இருந்ததில்லை. 1994இல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையை வெளியிட்டபோது நாட்டில் ஏறத்தாழ 80 லட்சம் இணைப்புகள். காத்திருந்தவர்கள் சுமார் 25 லட்சம். அந்தக் கொள்கை 1997க்குள் கேட்டவுடன் போன் என்றது. 1999இல் வந்த கொள்கை அதை 2002 ஆக்கியது. வருடக்கணக்கான காத்திருப்பு அது, அதை நான் புகழவில்லை. கூடுதலாக முன்பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் தனி வரிசை ஒன்றும் இருந்தது. ஆனாலும் பதிவு செய்த தேதி காத்திருந்தவரின் உரிமையாக இருந்தது. அந்த ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்திய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். என் கையில் இருக்கும் எண்ணோ, செய்தி வந்த மறுகணம் செத்துப்போகிறது.

இத்தனைக்கும், இணையத்துக்கான ராக்கெட்டே எங்கள் ஏரிப் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள். நள்ளிரவு தாண்டி 12.07க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்-3 ராக்கெட் கிளம்பியது. அதில் போனவை ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்கள். 2023 மார்ச் 26 காலை 9 மணிக்கு இன்னொரு 36. எல்லாமே இணைய வசதிக்கானவை. கேபிள் எட்டாத இடங்களுக்கு வானிலிருந்து பிராட்பேண்ட் தருவதற்கானவை. ஸ்ரீஹரிகோட்டா இந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவு. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று தடுக்கிறார்கள். ஊர் கரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறது. அந்த ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்தவர்கள் வீட்டுக்கு இணைய வரிசையில் எந்த இடம் என்று கேட்பது நியாயமான கேள்வி. தெற்கே 60 கிலோமீட்டருக்குள் சென்னை. சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடிக் கேபிள்கள் அங்கேதான் கரையேறுகின்றன. அங்கிருந்து அந்தமானுக்கு 2,300 கிலோமீட்டர் கடலடியில் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தும் விட்டார்கள். அந்தமான்காரர்களுக்கு அது கிடைத்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். தூரம் ஒரு தடையே இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மீனவ ஊருக்கு இணையம் எதற்கு என்று பட்டணத்து நண்பர் ஒருவர் கேட்டார். நான் அவருக்குப் புதுச்சேரிப் பக்கத்துக் கதையைச் சொன்னேன். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் தரும் அலை உயரக் கணிப்பை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுப் படகு இறக்குவார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தன் வீட்டுக்கு போன் செய்தார். கடல் பொங்கும் செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரார் தகவல் மையத்துக்கு ஓடி, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லாரையும் கரையைவிட்டு விலகச் சொன்னார்கள். ஊர் பிழைத்தது. ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. நண்பர் அதற்குப் பிறகு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

சமீபத்தில் கேபிள் டிவி பையன் ஒருவனைப் பிடித்து, கம்பத்தில் தொங்குவதைப் பற்றிக் கேட்டேன். அவன்தான் தெளிவாகச் சொன்னான். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு இழையில் வரும் வெளிச்சத்தை ஊர் முனையில் ஸ்ப்ளிட்டர் பெட்டி பிரித்துக் கொடுக்கும். நடுவில் கரன்ட் வேண்டாம். ஆனால் பிரிக்கப் பிரிக்க வெளிச்சம் குறையும், ஒவ்வொரு ஜாயின்டிலும் கொஞ்சம் குறையும், இழையை மடித்தால் இன்னும் குறையும். இழை கண்ணாடிதான், உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. கிளாம்பையும் இழுகம்பியையும் தின்றுவிடும். இங்கே முதலில் வரப்போவது எட்டுப் போர்ட்டுப் பெட்டி. "எட்டு வீட்டுக்குத்தான் சார் மொதல்ல. இன்னொரு பெட்டி போடணும்னா ஆபீஸ்ல ஆர்டர் வரணும்."

எட்டு என்ற செய்தி அன்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. பெரியவர் வீட்டுத் திண்ணையில் பேச்சு வளர்ந்தது. சீட்டுப் போட்டுவிடலாம் என்றார் அவர். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று சீட்டில்லாமல் ஒதுக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். பனையோலைக் கூடை முடையும் பெண்கள் தங்கள் குழுவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார்கள். கூடையின் படம் வெளியூருக்குப் போனால்தான் ஆர்டர் வருகிறது. "பாட்டுலதான் எங்களுக்கு இடம் இல்லன்னீங்க, இதுலயுமா?" என்று ஒரு அக்கா கேட்டதும் திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவரே, "சரிம்மா, உங்களுக்கு ஒண்ணு" என்றார். மிச்சம் ஆறு. வாடகைக்கு இருப்பவன் சீட்டில் சேரலாமா என்று நான் கேட்டேன். அதற்கு இன்னும் முடிவு சொல்லவில்லை. அடுத்த கிராமசபையில் கொடுக்கப்போகும் மனுவை எழுதும் வேலை மட்டும் எனக்குத் தந்திருக்கிறார்கள். பெட்டி எந்த மாதம் வரும், அடுத்த பெட்டி எந்தத் தெருவுக்கு, எந்த வரிசையில் என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அக்கா படித்துப் பார்த்துவிட்டு, தேதி தள்ளிப்போனால் காரணத்தையும் ஒட்டணும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.