நேரம் வருமாம்!

"வேலையா? நேரம் வந்தால் தானாகக் கிடைக்கும்!" — பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் இளைஞனுக்கு நம் நாட்டுப் பெரியவர்கள் கூறும் ஆறுதல் இது. அன்பு இருக்கிறது அந்தச் சொல்லிலே, மறுக்கவில்லை. அறிவு இருக்கிறதா? சனி பெயரவேண்டுமாம், குரு பார்க்கவேண்டுமாம், பரிகாரம் முடியவேண்டுமாம்! சோதிடர் வீட்டுத் திண்ணையிலே குடும்பம் காத்துக் கிடக்கிறது. அந்நேரத்தில், விண்ணப்பத்துக்குரிய கடைசி நாள் ஓசையின்றிக் கடந்து போகிறது. வானத்துக் கோள் நகர்வதைக் கணக்கிட்டவர்கள், சுவரிலே தொங்கும் நாட்காட்டி நகர்வதைக் கணக்கிடவில்லை!

நான் பள்ளி ஆசிரியன். கலைக் கல்லூரியில் வரலாறு பயின்று, பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். "வரலாறு படித்தவனுக்கு எவன் வேலை தருவான்?" என்று ஏளனம் பேசியோர் எங்கள் ஊரிலே ஏராளம். இன்று மாலை வேளைகளில், ஊர்ப் படிப்பகத்திலே, அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்களோடு அமர்ந்திருக்கிறேன். வேலை தேடிய நாட்களில் நான் கண்டதையும், படிப்பகத்திலே நாள்தோறும் காண்பதையும் கொண்டு ஒன்று கூறுவேன்: விதியைப் பார்த்துக் காத்திருப்பதை விட்டு, விதிமுறையைப் படிக்கத் தொடங்கியவனே வேலைக்கு அருகில் செல்கிறான்.

சான்று கேட்பீர்கள். தருகிறேன். தமிழ்நாட்டிலே ஆசிரியர் தகுதித் தேர்வு முதன்முதலாக 2012 சூலைத் திங்களில் நடைபெற்றது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். வினாக்கள் 150, நேரமோ ஒன்றரை மணி. நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை! "எங்கள் தலையெழுத்து" என்று எத்தனை வீடுகளில் அழுதிருப்பார்கள்! அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள். நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். தேறியோர் தொகை பன்மடங்கு பெருகிற்று. மூன்று திங்களில் எந்தக் கோள், எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குக் குடிபோயிற்று? வினா ஒன்றுக்கு 36 நொடி என்றிருந்தது 72 நொடியாயிற்று. வினாத்தாள் எப்படிப்பட்டது என்பதும் ஒருமுறை எழுதியோருக்குப் புரிந்துவிட்டது. நேரம் வந்தது உண்மைதான். அது பஞ்சாங்கத்து நேரமன்று, கடிகாரத்து நேரம்!

இதிலிருந்து நாம் கற்பது என்ன? தேர்வின் உறுப்புகளைப் பிரித்தறிந்தவனுக்கு வாய்ப்புப் பெருகும் என்பதுதான். தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 200 வினாக்கள், மூன்று மணி. அதாவது வினாவுக்கு 54 நொடி. அவற்றுள் 100 வினாக்கள் தமிழில். தமிழ்ப் பகுதியில் நூற்றுக்கு நாற்பது விழுக்காடு பெறாதவரின் மறுபகுதி மதிப்பிடப்படுவதே இல்லை. "தமிழ்தானே, தாய்மொழிதானே!" என்று அலட்சியமாக விட்டுவிட்டுப் பொது அறிவிலே மூழ்கிக் கிடந்தவர்கள், வாசற்படியிலேயே நிறுத்தப்பட்டதை நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் படிப்பகத்துக்கு ஒரு தையற்காரரின் மகள் வருகிறாள். கேட்ட வினாவுக்கெல்லாம் விடை கூறுவாள், தேர்விலோ தேறுவதில்லை. தாயார் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார். நாங்கள் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துக் கடிகாரத்தை எதிரே வைத்தோம். மூன்று மணி முடிந்தபோது முப்பத்தைந்து வினாக்கள் தொடப்படாமல் கிடந்தன! நோய் எதுவெனத் தெரிந்துவிட்டது. வாரந்தோறும் ஒரு தாள். தெரியாத வினாவிலே தேங்காமல் தாண்டிச் சென்று, முடிவிலே திரும்பி வருதல் — இதுவே மருந்து. மூன்று திங்களில் தொடாத வினா ஒன்றுகூட இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டாள். அவள் அறிவு முன்பும் இருந்தது. அது தாளிலே இறங்கும் வழி மட்டுமே அடைபட்டிருந்தது.

சான்றிதழ்களின் கதையும் இத்தகையதே. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் பயின்றிருக்கவேண்டும் என்று பின்னர் விதி வகுத்தார்கள். மூன்று பள்ளிகளில் படித்தவன் மூன்று பள்ளிகளிலும் சான்று பெறவேண்டும். அறிவிப்பு வெளிவந்தபின் ஓடுகிறவன் தலைமையாசிரியர் விடுப்பிலிருப்பதைக் காண்கிறான். முன்கூட்டியே வாங்கி வைத்தவன் அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு கொள்ளை நோயையும் குறிப்பிடவேண்டும். "மேலிடத்திலே ஆள் இருக்கிறது, சில இலட்சங்கள் கொடுத்தால் போதும்" என்று வரும் தரகன்! நான்காம் தொகுதிப் பணிக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. எழுதிய மதிப்பெண்ணும் இட ஒதுக்கீட்டு விதியும்தான் வரிசையை வகுக்கின்றன. நேர்முகமே இல்லாத பணிக்கு, எந்த முகத்தைப் பார்த்து இவன் வேலை வாங்கித் தருவான்? நிலத்தை விற்று நீட்டுவதற்கு முன், இந்த ஒரு கேள்வியை வீட்டிலே கேளுங்கள், தோழர்களே!

இந்த விதிமுறைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. உறவுக்கும் சிபாரிசுக்கும் உரியதாயிருந்த உத்தியோகம், சென்னை மாகாணத்திலே போராடித்தான் பொதுவாக்கப்பட்டது. 1928இல் அமைச்சர் முத்தையா முதலியார் நடைமுறைப்படுத்திய வகுப்புரிமை ஆணை, பன்னிரண்டு இடங்களைப் பங்கிட்டது: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. அடுத்த ஆண்டே, 1929இல், சென்னையிலே தேர்வாணையம் அமைந்தது. 1951இல் உச்ச நீதிமன்றம் வகுப்புரிமை ஆணையைச் செல்லாதென்றபோது தமிழகம் கிளர்ந்தெழுந்தது; அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 1989இல் அரசுப் பணியில் பெண்களுக்கு 30 விழுக்காடு வந்தது. முன்னோர் திறந்த கதவு இது. திறந்த கதவின் முன் நின்று, எலுமிச்சம்பழம் சுற்றிக்கொண்டிருப்பதா?

தனியார் துறையிலோ கதவு வேறுவிதமானது. ஒரு தனியார் பள்ளிக்கு நான் நேர்முகத்துக்குச் சென்றிருந்தேன். நிர்வாகத்தார் ஒருவர் என் பட்டத்தைப் பார்க்கவில்லை, "எந்த ஊர்? ஊரிலே எந்தத் தெரு?" என்றார். தெருவின் பெயரைக் கேட்டது எதற்கென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஐயா, பாடம் நடத்திக் காட்டட்டுமா?" என்றேன். "சொல்லியனுப்புகிறோம்" என்றார். இன்றுவரை சொல்லியனுப்பவில்லை!

இது என் ஒருவனின் மனப்புண் அன்று. சுகதேவ் தோராட், பால் அட்டுவெல் என்ற இரு அறிஞர்கள், நாளேடுகளிலே வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒத்த தகுதி கொண்ட விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து, முடிவை 2007இல் வெளியிட்டார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. தாழ்த்தப்பட்டோர் பெயரும் முஸ்லிம் பெயரும் தாங்கிய விண்ணப்பங்களுக்கு, உயர்சாதிப் பெயர் தாங்கியவற்றைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது. பெயரின் வாலிலே சாதி எழுதாதீர் என்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்ததன் பொருள், அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு முழுமையாக விளங்கிற்று. வாலை வெட்டினார்கள், இன்று தெருவைக் கேட்கிறார்கள்!

அதற்காகச் சோர்ந்துவிடலாமா? அடுத்த பள்ளிக்குச் செல்லுமுன், எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று முன்னரே கேட்டறிந்தேன். எட்டாம் வகுப்பு, விடுதலைப் போராட்டம். 1930 வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தை எடுத்துக்கொண்டேன். கரும்பலகையிலே திருச்சியிலிருந்து வேதாரணியம்வரை ஒரு கோடு. நடந்து சென்றோர் எத்தனை நாள் நடந்திருப்பார்கள், எங்கே உண்டிருப்பார்கள் என்று பிள்ளைகளையே கேட்டேன். வகுப்பு பேசத் தொடங்கிற்று. வேலை கிடைத்தது. அன்று நான் புறப்பட்டது இராகு காலத்தில் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி இன்றும் வருந்துகிறார்!

ஒன்றை மறைக்கக் கூடாது. இலட்சக்கணக்கானோர் சில ஆயிரம் இடங்களுக்குப் போட்டியிடும்போது, நன்கு படித்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இடம் இராது. அது அவர்கள் பாவமும் அன்று, பழவினையும் அன்று; வகுத்தல் கணக்கு. ஆகவே பணி இரண்டு: உள்ள இடத்தைப் பெற உழைப்பது ஒன்று, காலியிடங்களை நிரப்பு என்று கூடிக் குரலெழுப்புவது மற்றொன்று. தோல்வியைத் தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்டவன் இரண்டையும் செய்யமாட்டான்.

தோழர்களே! ஊர்தோறும் படிப்பகத்தைத் திறவுங்கள். சுவரிலே அறிவிப்புகளின் கடைசி நாட்களை எழுதுங்கள். பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வையுங்கள். மேசைமீது ஒரு கடிகாரம் இருக்கட்டும். வேலை பெற்றவர் வாரத்தில் ஒரு மாலையேனும் திரும்பி வந்து, தாம் கற்ற வழியைக் கற்பிக்கட்டும். நேரம் வரும் என்போர் திண்ணையிலேயே இருக்கட்டும். நாம் 54 நொடிக்கு ஒரு வினாவை முடிப்போம்.