அலங்கார ஒளியும் அறிவிப்பு ஒளியும்

அமெரிக்காவின் தென் கலிபோர்னியக் கரையில் உள்ள நியூபோர்ட் பீச் துறைமுகத்தில், ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கு முந்தைய சில இரவுகளில், மின்விளக்குகளால் அலங்கரிக்கப்பட்ட படகுகள் வரிசையாக ஊர்வலம் வருகின்றன. பாய்மரத்தின் உச்சி வரை சரவிளக்குகள் ஏறியிருக்க, பனியே விழாத அந்தக் கரையில் பனிமனிதனும், கலைமான் பூட்டிய சறுக்குவண்டியும் பல்புகளால் உருப்பெற்று, பனைமரங்களின் கீழ் நிற்கும் கூட்டத்தைக் கடந்து மெல்ல நகர்கின்றன. மேல்தளத்திலிருந்து வரும் பாட்டுக்கு அடியில், விளக்குகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரின் உறுமல் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

இவ்விழா தொடக்கத்தில் கிறிஸ்துமசோடு தொடர்புடையதன்று. 1907இல் ஜான் ஸ்கார்பா என்ற இத்தாலியர், வெனிஸ் நகரக் கால்வாய்களில் நின்றபடியே துடுப்புப் போட்டுச் செலுத்தப்படும் கோண்டோலா என்னும் ஒடுங்கிய நீண்ட படகில் ஜப்பானியக் காகித விளக்குகளைத் தொங்கவிட்டு, பாசடீனாவிலிருந்து வந்த சுற்றுலாக் குழுவினரை நியூபோர்ட் விரிகுடாவின் குறுக்கே அழைத்துச் சென்றார். மறு ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலை நாள் இரவில், அவருடைய கோண்டோலா முன்செல்ல, அதே வகை விளக்குகளை ஏந்திய எட்டுச் சிறு துடுப்புப் படகுகள் பின்தொடர்ந்தன. முதல் ஊர்வலம் என்று சொல்லப்படுவது இவ்வளவுதான். பல்போவா தீவுக்குப் படகுப் போக்குவரத்தை நிறுவிய ஜோசப் பீக் 1919இல் இதற்குப் புத்துயிர் அளித்த பின், இது ஜூலைத் திருவிழாவாகவே வளர்ந்தது. 1946இல் நகராட்சி ஊழியர்கள் ஒரு மிதவையில் கிறிஸ்துமஸ் மரத்தை நிறுத்தி, பாடகர்களை ஏற்றித் துறைமுகத்தைச் சுற்றிவரச் செய்ததிலிருந்துதான் டிசம்பர் ஊர்வலம் பிறந்தது. மூன்றாண்டுகளில் ஜூலைத் திருவிழா நின்றுபோயிற்று. நீரில் நிகழ்ந்த அத்திருவிழாவை நிறுத்தியது சாலையில் குவிந்த கார்களின் நெரிசல்.

இந்த இழப்பில் ஒரு நன்மை இருந்ததை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அக்கரையில் ஜூலை மாதத்தில் சூரியன் மறைய எட்டு மணி ஆகிவிடும். டிசம்பரிலோ ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். குழந்தைகள் உறங்குவதற்கு முன் நல்ல இருட்டில் விளக்குகளைக் காண வேண்டுமானால் டிசம்பரே தகுந்த மாதம். விழாக்குழு யோசித்து எடுத்திருக்க வேண்டிய முடிவைப் போக்குவரத்து நெரிசல் எடுத்துத் தந்தது.

கிறிஸ்துமசின் நிறங்கள் சிவப்பும் பச்சையும். ஹோலி என்னும் செடியின் பழமும் இலையும் தந்த இணை இது என்பர். படகின் நிறங்களும் இவையே. படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னிருந்து பக்கவாட்டைத் தாண்டிச் சற்றுப் பின்வரை 112.5 பாகை அளவுக்கே தெரியுமாறு மறைக்கப்பட்டிருக்கும். எஞ்சிய 135 பாகையைப் பின்புறத்து வெள்ளை விளக்கு நிறைவு செய்கிறது. ஆகவே இருளில் எதிரே சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால், வரும் படகு நேராகத் தம்மை நோக்கியே வருகிறது என்று சுக்கான் பிடிப்பவர் அறிவார். வலப்புறத்தில் குறுக்கே செல்லும் விசைப்படகின் சிவப்பு மட்டும் தெரிந்தால், விலகிக்கொடுக்க வேண்டியது தாமே என்று அறிவார். ஒரு சொல்லும் பரிமாறாமல் திசையையும் கடமையையும் உணர்த்திவிடும் இந்த ஏற்பாட்டைப் போல் சிக்கனமானது கடல்வழிச் சட்டத்தில் வேறில்லை.

கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்க 1972இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிகளுள் 20ஆம் விதி இந்தச் சிக்கனத்தைக் காக்கிறது. சூரியன் மறைந்தது முதல் எழும் வரை விதித்த விளக்குகளை ஏற்ற வேண்டும் என்பதோடு, அவற்றோடு குழம்பக்கூடிய, அவற்றை மங்கச் செய்யக்கூடிய, சுற்றுமுற்றும் கண்காணிப்பதற்கு இடையூறான வேறு எந்த விளக்கையும் காட்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. அமெரிக்க உள்நாட்டு நீர்வழிகளுக்கும் இதே கட்டளை உண்டு. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் வரை ஆகும் என்பதும், அந்தப் பழக்கத்தைக் கெடுக்க ஒரு வெள்ளைப் பல்பு போதும் என்பதும் தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. அந்தக் கணக்கில் பார்த்தால், டிசம்பர் ஊர்வலம் முழுவதுமே முன்கூட்டி அனுமதி பெற்று, நடைவேகத்தில், அந்த விதியின் விளிம்பில் நடத்தப்படும் கூட்டு விளையாட்டு.

கடலோரத்து வெளிச்சம் எப்போதும் விளையாட்டாக முடிந்ததில்லை. 1942 ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை இரவு. புளோரிடாவின் ஜாக்சன்வில் பீச் கடற்கரையில் கேளிக்கை விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கி மாதங்கள் ஆகியிருந்தும், சுற்றுலா வருமானம் கெடும் என்ற அச்சத்தால் கரையோர ஊர்கள் பல விளக்கணைப்புக்கு இணங்கவில்லை. டெக்சாசின் போர்ட் ஆர்தரிலிருந்து நியூயார்க்குக்கு எண்ணெய் ஏற்றிக்கொண்டு தன் முதல் பயணத்தில் சென்ற கல்ஃப்அமெரிக்கா என்ற கப்பல், அந்த வெளிச்சத்தின் முன்னே கரிய நிழலுருவாகத் தெரிய, ஜெர்மன் நீர்மூழ்கியான யு-123 அதன்மீது டார்பிடோ எய்தது. கப்பல் தீப்பற்றி எரிந்ததைக் கடற்கரைக்கு வந்திருந்தோர் நின்று பார்த்தனர். பீரங்கியால் சுடத் தொடங்குமுன், குறி தவறும் குண்டுகள் ஊருக்குள் விழாதிருக்கத் தம் நீர்மூழ்கியைக் கப்பலுக்கும் கரைக்கும் இடையே கொண்டுவந்ததாக அதன் தலைவர் ரைன்ஹார்ட் ஹார்டெகன் பின்னாளில் கூறினார். கப்பலில் இருந்தோரில் 19 பேர் இறந்தனர். மறுநாளே ஆளுநர் ஸ்பெசார்ட் ஹாலண்ட் கரையோர விளக்குகளை அணைக்க ஆணையிட்டார். பல வாரங்களாக விவாதித்தும் முடியாத காரியம் ஒரே இரவில் முடிந்தது. கரையில் நின்றவருக்கு வெறும் ஒளியாக இருந்தது, கடலில் இருந்தவருக்குத் தம்மைக் காட்டிக்கொடுக்கும் திரையாக இருந்தது.

அதே அட்லாண்டிக் கரையில் தெற்கே உள்ள ஃபோர்ட் லாடர்டேல் நகரிலும் டிசம்பரில் படகு ஊர்வலம் நடக்கிறது. நியூ ஆற்றிலும், கடலுக்கு இணையாக உள்ளே ஓடும் நீர்வழியிலுமாக அது ஏறத்தாழ 12 மைல் செல்கிறது. அங்கும், நியூபோர்ட்டிலும், ஊர்வலத்தை மிகக் குறைவாகக் காண்பவர் படகோட்டியே. முன்செல்லும் படகின் பின்புறமும், தம் படகின் பல்புகள் கண்ணாடியில் தெறிக்கும் ஒளியுமே அவருக்குக் கிடைப்பவை. சிறந்த அலங்காரத்துக்கும் சிறந்த கற்பனைக்கும் பரிசு தரும் விழாக்குழுக்கள், ஆயிரம் பல்புகளுக்கு நடுவிலும் பக்கவிளக்குகளின் சிவப்பும் பச்சையும் தெளிவாகத் தெரியும்படி அலங்கரித்த படகுக்கும் ஒரு பரிசு வைக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களைக் கரையில் உட்கார வைக்காமல், எதிர்த்திசையில் வரும் ஒரு படகில் ஏற்றிவிட வேண்டும்.