70 வளைவு... ஒரே ஒரு மீன்!

அமெரிக்காவில் 'பாஸ்' என்று ஒரு மீன் இருக்கிறது. லீவு நாள் வந்தால் அந்த ஊர்க்காரர்கள் தூண்டிலோடு ஓடைக்குப் போய், பொழுது சாயும்வரை நின்று பாஸைப் பிடிக்கிறார்கள். நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆபீஸில் தினமும் நாம் காக்கா பிடிக்காத பாஸா! ஆனால், செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து எங்கள் கேஷியருக்குத் தூக்கம் போய்விட்டது. ரீல் வைத்த பளபளா தூண்டில் ஒன்றை வரவழைத்துவிட்டு, "சார், நம்ம பக்கம் நல்ல ஓடை எங்க இருக்கு?" என்றார்.

பதில் அட்டெண்டரிடமிருந்து வந்தது. அவருடைய தாய்மாமன் கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில் விவசாயம் செய்கிறாராம். ஆடிப்பெருக்கு முடிந்த அடுத்த ஞாயிறு கிளம்பினோம். "மசாலா அரைச்சு வெக்கிறேன். வெறுங்கையோட வந்துடாதீங்க!" என்று வீட்டில் வழியனுப்பினார்கள்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கேஷியர் நோட்டு எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பதாவது வளைவில் என் வயிற்றிலிருந்த இட்லிகள் வெளிநடப்புச் செய்தன. உச்சியில் அவர் சொன்னது, "கணக்கு டேலி ஆயிடுச்சு சார்!"

மேலே போனால் ஊராட்சிகளுக்கே 'நாடு' என்றுதான் பெயர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, ஆலத்தூர் நாடு... நல்லவேளை, பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஒரு காலத்தில் சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில், ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற மரவள்ளி நிற்கிறது.

மாமன் வாசலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டார். "ஃபாரஸ்ட் பக்கம் போகக் கூடாது. இது நம்ம வயலுக்கு நடுவுல ஓடற ஓடை. இங்க மட்டும்தான்."

கண்ணாடி மாதிரி தண்ணீர். பாறை மேல் மீன்கள் வரிசையாகத் தெரிந்தன. கேஷியர் அமெரிக்கக்காரர் மாதிரியே தூண்டிலை வீசினார். இரண்டு மணி நேரம் வீசினார். ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமன் சிரித்தார். "அது கல்லொட்டி தம்பி. கல்லுல இருக்கிற பாசியத்தான் சுரண்டித் திங்கும். உங்க புழுவ அதுக்கு எதுக்கு?"

என்னிடம் ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்து, மடுவின் ஓரத்தைக் காட்டினார். பத்து நிமிஷத்தில் தக்கை முங்கியது. இழுத்தேன். உள்ளங்கை நீளத்தில் கெண்டை! என் வாழ்நாளின் முதல் மீன். கேஷியர் போட்டோ எடுக்க ஓடி வந்தார்.

மாமன் மட்டும் மீனின் வயிற்றைப் பார்த்தார். "சினையா இருக்கு."

"இருக்கட்டுமே மாமா. ஒண்ணே ஒண்ணுதானே?" என்றார் கேஷியர்.

மாமன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "எங்க அப்பா காலத்துல காரக்காய இடிச்சுத் தண்ணில போடுவாங்க. மீன் மயங்கி மிதக்கும். வேணுங்கறத எடுத்துப்பாங்க. மிச்சம் தெளிஞ்சு ஓடிடும். சில வருஷத்துக்கு முன்னால கீழேர்ந்து நாலு பசங்க வந்தாங்க. உங்களாட்டம் ஆபீஸ் பசங்கதான். ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடரக் கொட்டிட்டாங்க. கூடை கூடையா அள்ளிட்டுப் போனாங்க. அப்புறம் ரெண்டு வருஷம் இந்த மடுவுல தவளைகூடக் கத்தல. இப்பத்தான் கெண்டை ஏறி வருது. அப்புறம் உங்க இஷ்டம்."

'உங்க இஷ்டம்' என்று விட்டுவிட்டார், அதுதான் சிக்கல். ஒரு பக்கம் அரைத்து வைத்த மசாலா, இன்னொரு பக்கம் கையில் துடிக்கிற உயிர். கையை நனைத்துக்கொண்டு, முள்ளை மெதுவாகக் கழற்றி, தண்ணீருக்குள் விட்டேன். ஒரு கணம் அசையாமல் நின்றது. வாலை ஒரு சொடுக்கு... காணோம்!

அமெரிக்காவிலும் ரே ஸ்காட் என்பவர் 1972-ல், தன் மீன்பிடிப் போட்டிகளில் பிடித்த பாஸை உயிரோடு திரும்ப விடச் சொன்னார். அங்கே அது பெரிய இயக்கமானது.

இந்த மலையில் அந்த எண்ணம் பழசு. மத்தியானம் வளப்பூர் நாட்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். பக்கத்தில் ஐயாறு ஓடுகிறது. கொஞ்ச தூரத்தில் அதுவே ஆகாய கங்கையாகக் குதிக்கிறது. முன்னொரு காலத்தில் இந்த ஆற்று மீனைப் பிடித்து, அறுத்துக் குழம்பு வைத்தார்களாம். கொதிக்கும்போது துண்டுகள் ஒன்று சேர்ந்து, மீன் உயிர் பெற்று ஆற்றுக்கே குதித்துவிட்டதாம். அதனால் இங்கே மீனைப் பிடிப்பதில்லை, பொரி போட்டுக் கும்பிடுகிறார்கள். கேஷியரும் இரண்டு பொட்டலம் பொரி வாங்கிப் போட்டார். அவர் கையிலிருந்து அன்று மீன் தின்றது அதைத்தான்.

ராத்திரி வீடு சேர்ந்தேன். மனைவி பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். நான் பவ்யமாகக் கோயில் கதையைச் சொன்னேன்.

"ஓஹோ... அந்தக் காலத்து மீன் கொதிக்கிற சட்டியிலேர்ந்து குதிச்சுதா? உங்க மீன் சட்டிக்கு வர்றதுக்கு முன்னாடியே குதிச்சிடுச்சாக்கும்!" என்றவள், அதே மசாலாவில் கத்தரிக்காயைப் போட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது. பிரமாதம்!