ஒரு சொம்புத் தண்ணீர்

இணையத்தில் கூடிப் புத்தகம் பேசலாம் என்று கிளம்பியபோது எனக்கிருந்த பயமெல்லாம் நேரத்தைப் பற்றித்தான். ஆள் 11 பேர். பழைய ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர், சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகள், டொரன்டோவில் இருக்கும் அவள் சிநேகிதி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அக்கா, அக்காவோடு காலையில் நடக்கப்போகும் இரண்டு பெண்கள், அப்புறம் நான். ஆனால் நேரம் ஐந்தே நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. ஞாயிறு மாலை 7 மணி. அப்போது டொரன்டோவில் காலை ஒன்பதரை, சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை. யாருக்கும் தூக்கம் கெடாது.

முதல் புத்தகம் எது என்று முடிவு செய்யத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

வாட்ஸ்அப்பில் முதலில் வந்து விழுந்தது, எதிர்பார்த்தபடியே, பொன்னியின் செல்வன். படம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்துபோன சூடு அப்போது இன்னும் ஆறியிருக்கவில்லை. "படத்துல விட்டதையெல்லாம் பேசலாமே" என்றாள் சித்தி மகள். பேசலாம்தான். ஆனால் கல்கி அதை 1950-இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் எழுதினார். வாசகர்கள் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பிச் சாப்பிட்ட ஐந்து பாகங்களை நாங்கள் நாலு வாரத்தில் விழுங்குவதாகத் திட்டம். எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து தொடர்கதையை உரக்கப் படிப்பாராம், தெருவே கேட்குமாம். அடுத்த இதழ் வரும்வரை வந்தியத்தேவனை முன்னிட்டுச் சண்டையும் நடக்குமாம். நாங்கள் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு புதிதாகக் கண்டுபிடிக்கப் பார்த்தது அந்தத் திண்ணையைத்தான்.

தமிழாசிரியர் சார், "தொடக்கத்திலிருந்து தொடங்குவோமே" என்று 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை முன்மொழிந்தார். ஆபீஸ் நண்பர் ஒருவர் விஷ்ணுபுரம் என்றார். இன்னொருவர் ஜே.ஜே: சில குறிப்புகள் என்றார், அதை மூன்று முறை படித்திருப்பதாகத் தகவலும் சொன்னார். என் பங்குக்குச் சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. கடைசியில் ஓட்டெடுப்பு வைத்தோம். 9 புத்தகங்கள், 11 ஓட்டுகள். 7 புத்தகங்களுக்கு ஆளுக்கொரு ஓட்டு, மீதி இரண்டுக்கும் இரண்டிரண்டு. அவரவர் பிள்ளைக்கு அவரவர் கைதட்டல்.

அந்தப் பட்டியலை ராத்திரி ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். இனிமேல் படிக்க ஆசைப்படும் புத்தகத்தை ஒருவர்கூடச் சொல்லியிருக்கவில்லை. படித்து முடித்ததை, அல்லது படித்திருப்பார் என்று மற்றவர்கள் நம்ப வேண்டியதைச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு உடுத்திப் போகிற பட்டு மாதிரி. என் பட்டும் அப்படித்தான். சிங்காரத்தின் நாவலில் நான் 60 பக்கம் தாண்டியதில்லை. ஏழு வருஷமாக ஒரு பஸ் டிக்கெட் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

அக்காதான் முடிச்சை அவிழ்த்தாள். "இருநூறு பக்கத்துக்குள்ள இருக்கணும். எல்லாருக்கும் கிடைக்கணும். படிச்சிட்டேன்னு யாரும் பீத்திக்க முடியாத புத்தகமா இருக்கணும்." மூன்றாவது நிபந்தனையில் பாதிப் பட்டியல் காலி. மிஞ்சியதில் அசோகமித்திரனின் தண்ணீர் இருந்தது. அதை முன்மொழிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. யாரும் உரிமை கொண்டாடவில்லை. எனக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது.

1973-இல் புத்தகமான நாவல் அது. சென்னையில் ஒரு தெரு, குழாயில் வராத தண்ணீர், தோண்டிப்போட்ட சாலை. ஜமுனா, அவள் தங்கை சாயா, எதிரும் புதிருமாக அந்தத் தெருவின் பெண்கள். சினிமா ஆசை காட்டிவிட்டு வந்துபோகும் ஒரு பாஸ்கர் ராவ். பல வருஷம் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த மனிதர் சினிமாவைப் பற்றி எழுதும்போது குரலே உயராது. அது அவருக்குக் கைவந்த தந்திரம் என்று நினைக்கிறேன். பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். மூடி வைத்தபிறகுதான் கனக்கும்.

அறிவித்த பத்தாவது நிமிஷம் குழுவில் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வந்தது. "எழுதினவர் வீட்டுக்கு அஞ்சு ரூபாகூடப் போகாதே சார்" என்று தமிழாசிரியர் வருத்தப்பட, அனுப்பியவர் அழித்தார். (எத்தனை பேர் அதற்குள் இறக்கிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.) டொரன்டோவுக்குக் கூரியர் செலவு புத்தக விலையைப்போல் பல மடங்கு வந்ததால் அந்தப் பெண் மின்னூலாக வாங்கிக்கொண்டாள்.

முதல் ஞாயிறு. பத்து நிமிஷம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போயிற்று. யார் வீட்டுக் குக்கரோ மூன்று விசில் அடித்தது. சார் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். தண்ணீர் இந்த நாவலில் எப்படிப் படிமமாகிறது என்று ஆரம்பித்தார். நல்ல பேச்சுதான். ஆனால் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் ஒவ்வொன்றாகக் கல்லானதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஆபீஸ் நண்பர் குறுக்கிட்டார்.

"மன்னிக்கணும் சார். எனக்கு அது தண்ணியாத்தான் இருந்துச்சு."

மடை திறந்துகொண்டது. 2019 கோடை வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, லாரி வரும் நாளுக்காக ஆபீஸுக்கு லீவு போட்டது. அடுக்குமாடியில் வீட்டுக்கு எத்தனை பக்கெட் என்று நோட்டுப் போட்டு எழுதியவர் எங்களிலேயே ஒருவர். அந்த நோட்டை எடுத்து வந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தார். ஜமுனாமேல் பரிதாபம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்று சிங்கப்பூருக்கும் டொரன்டோவுக்கும் தகராறு. நாவலில் வரும் டீச்சரம்மா அவளிடம் அவ்வளவு கறாராகப் பேசியிருக்க வேண்டாம் என்றது சிங்கப்பூர். அப்படிப் பேச ஒரு ஆள் கிடைத்ததே பெரிசு என்றது டொரன்டோ.

அக்காவோடு நடக்கப்போகும் இருவரில் மூத்தவர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா தூண்டினாள். "நான் நாப்பது பக்கம்தான் படிச்சேன். அடி பம்பு வந்ததும் நிறுத்திட்டேன்" என்றார்.

"ஏன்க்கா, பிடிக்கலையா?"

"அதில்லம்மா. எங்க வீட்டுல பம்பு இருந்துச்சு. மெட்ரோ வாட்டர் குழாய்ல வேகம் இருக்காது, அதனால அதுல மாட்டி அடிப்போம். உள்ள தோல் வாஷர் ஒண்ணு இருக்கும். ராத்திரியில அது காஞ்சுபோகும். அப்புறம் எத்தனை அடிச்சாலும் காத்துதான் வரும். மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்தினாத்தான் அது ஊறிப் பிடிக்கும். எங்க அம்மா படுக்கப் போறதுக்கு முன்னால பம்பு மேடையில ஒரு சொம்பு ரொப்பி, தட்டுப் போட்டு மூடி வைப்பாங்க. காலையில நாலு மணிக்கு அதுதான் முதல்ல. வீட்டுல குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்லாம இருந்தாலும் அந்தச் சொம்பை யாரும் தொடக்கூடாது. ஒரு நாள் என் தம்பி, சின்னப் பையன், ராத்திரி தாகத்துல எழுந்து போய்…"

திரை கறுத்தது. காசு கட்டாத கணக்கு. 40 நிமிஷம் முடிந்துபோயிருந்தது.

அவசர அவசரமாகப் புது இணைப்பைத் தட்டி அனுப்பினேன். காத்திருக்கும்போது, பாதிப் பேர் சாப்பிடப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு கட்டமாக எரிந்தது. சார் வந்தார், நோட்டுக்காரர் வந்தார், டொரன்டோ கையில் காபியோடு வந்தாள். பத்துப் பேரும் வந்து உட்கார்ந்துவிட்டோம். அந்த அம்மாவுக்கு மட்டும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினாள்.