எல்லை தாண்டும் காய்ச்சல்

பாறசாலை

அன்புள்ள தோழிக்கு,

களியக்காவிளையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் இஞ்சிவிளை. அதற்குள் மாநிலம் மாறிவிடுகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறினாலும் தோட்டம் மாறவில்லை: இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழை, மரச்சீனி, ரப்பர். விளவங்கோட்டு ஊர்களிலிருந்து பால் வெட்டவும் குலை சுமக்கவும் வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். சிலர் அன்றே திரும்புகிறார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் தோட்டத்தை ஒட்டிய அறைகளில் குடும்பத்தோடு தங்கி, சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள்.

1956 நவம்பர் 1 வரை இதெல்லாம் ஒரே மாநிலம், திருவிதாங்கூர்-கொச்சி. அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முன்பு இந்தச் சுற்றுவட்டாரத்தில் வைத்தியம் என்றால் பலருக்கும் நெய்யூர்தான். லண்டன் மிஷன் 1838-ல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். அவர் பெயரில் இன்று மருத்துவக் கல்லூரி இருப்பது எல்லைக்கு இந்தப் பக்கம், காரக்கோணத்தில். இப்போது பெரிய நோய் என்றால் குமரி மாவட்ட மேற்குப் பகுதி ஜனங்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி பிடிக்கிறார்கள். மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்திரா, ஆர்.சி.சி. என்று வழி எல்லோருக்கும் தெரியும்.

எனக்குக் கவலை பெரிய நோயைப் பற்றி அல்ல. எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள். எலியின் மூத்திரம் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் நிற்பவரின் காலில் சின்ன வெடிப்பு இருந்தால் போதும், கிருமி உள்ளே போய்விடும். காய்ச்சல் அன்றே வராது, பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்து வரும். அதற்குள் ஆள் ஊருக்குப் போயிருப்பார். தலைவலி, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு. வேலை செய்த அலுப்பு என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். எந்தத் தோட்டத்தில், எந்த வாய்க்காலில் நின்றார் என்று ஊரில் யாரும் கேட்காவிட்டால் சிறுநீரகம் கெட்ட பிறகுதான் நோயின் பெயர் தெரியும். கேரளத்தில் சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்து நோயைத் தடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் காலையில் வந்து மாலையில் போகிறவர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறார்? அவர் வீட்டுக்கு இங்குள்ள ஆஷா பணியாளர் போவதில்லை. அங்குள்ள செவிலியருக்கோ அவர் எந்த வயலில் நிற்கிறார் என்பது தெரியாது.

கர்ப்பிணிகள் பாடும் இதுதான். தமிழகத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்தால் பிக்மி எண் கொடுக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் அதை நம்பித்தான் இருக்கிறது. நாலாம் மாதத்தில் புருஷனோடு வேலைக்கு வந்துவிடும் பெண்ணுக்கு இங்கே ஊசி போட்டாலும் அது அங்குள்ள பதிவில் ஏறும் என்று நம்ப முடியாது. அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால் உண்டு, மழையில் நனைந்தால் போச்சு. தமிழகத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்தது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கிடைக்கிறது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களில் அந்த மாத்திரை யாருக்கு?

கேரளம் 2017-ல் வெளிமாநிலத் தொழிலாளருக்காக ஆவாஸ் காப்பீட்டைக் கொண்டுவந்தது. தொடங்கியபோது 15,000 ரூபாய் வரை சிகிச்சை. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அது படுக்கையில் சேர்ந்த பிறகு கைகொடுப்பது. நான் கேட்பது அதற்கு முந்தைய நாட்களுக்கு.

முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் காசநோயைக் காட்டுவேன். ஆறு மாத மருந்து, நாடு முழுக்கச் செல்லும் ஒரே நிக்ஷய் எண். ஆள் இடம் மாறினால் சிகிச்சையும் அவரோடு மாற்றப்படலாம், சத்துணவுப் பணம் அவர் கணக்கிலேயே சேரும். காசநோய்க்குச் செய்ததைக் காய்ச்சலுக்கும் கர்ப்பத்துக்கும் செய்தால் என்ன?

இதை எல்லைக்காரர்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் கர்நாடகம் தலப்பாடி எல்லை வழியை அடைத்தபோது, மங்களூரை நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் சிலர் வழியில்லாமல் செத்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. களியக்காவிளையிலும் அப்போது பாஸ் இல்லாமல் கடக்க முடியவில்லை. பழகிய வழி ஒரே இரவில் அடைபடும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

பாறசாலை தாலுகா மருத்துவமனையும் குழித்துறை அரசு மருத்துவமனையும் வாரம் ஒருமுறை காய்ச்சல் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். தங்கி வேலை செய்யும் கர்ப்பிணியின் பெயர் இரண்டு பக்கச் செவிலியர் கையிலும் இருக்க வேண்டும். சேற்றில் இறங்கும் எல்லோருக்கும், ஆதார் எந்த ஊராக இருந்தாலும், தடுப்பு மருந்து கிடைக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம்.

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறும் பெண்களை நீ தினமும் பார்க்கிறவள். காய்ச்சலோடு உன்னிடம் வருகிறவர்களிடம் எந்த எஸ்டேட் என்று கேட்டு நோட்டில் குறிக்கிறாயா? அந்தப் பெயரை இடுக்கிப் பக்கம் யாருக்குச் சொல்ல முடிகிறது? விவரமாக எழுது.

அன்புடன்,
உன் தோழி