ஒரிஜினல் எது? ஒரு டூ ஸ்ட்ரோக் பைக்கும் நாங்களும்

பழைய பைக் செய்றவங்களைக் கண்டால் எல்லாரும் முதல்ல கேக்குறது ஒன்றுதான்: "ஒரிஜினலா?" டேங்க் ஒரிஜினலா, மட்கார்ட் ஒரிஜினலா, கார்பரேட்டர் ஒரிஜினலா. மஹய்யாவையில் நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு யமஹா டிடி 250ஐ மூன்று வருஷமாகச் செய்து முடித்திருக்கிறோம். இப்போ அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல எங்களால முடியல்ல.

முதல்ல பைக்கைப் பற்றிச் சொல்லிவிடுவோம். யமஹா 1968இல் டிடி-1 என்ற பைக்கை விட்டது. ரோட்டிலும் ஓடும், மண் பாதையிலும் ஏறும். ஒரே சிலிண்டர், 246 சிசி, டூ ஸ்ட்ரோக். அதன் வழியில வந்ததுதான் டிடி 250. எங்களுடையது 70களின் நடுப்பகுதியில் செய்தது. மோட்டோகிராஸ் உலகத்தில் "பெரிய போர்" என்றால் இதைவிட இரண்டு மடங்கு: ஹொண்டா சிஆர் 500 என்பது 491 சிசி, கவாசாகி கேஎக்ஸ் 500 என்பது 499 சிசி. பெல்ஜியத்தின் ரோஜர் டி கோஸ்டர் 1971க்கும் 1976க்கும் இடையில் ஐந்து தடவை உலகப் பட்டம் எடுத்தது அந்த 500 சிசி வகுப்பில்தான். ஆனா நூறும் நூற்றியிருபத்தைந்தும் ஓடுற நம்ம கட்டுகஸ்தோட்டை ரோட்டில 250 டூ ஸ்ட்ரோக்கே பெரிய மிருகம்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை எஞ்சின் வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். கேம் இல்ல, வால்வு இல்ல, பிஸ்டனே மேலே கீழே போய் சிலிண்டர் துவாரங்களைத் திறந்து மூடும். அதனால பாரம் குறைவு, இழுவை கூட. ஒயிலும் பெற்றோலோடு சேர்ந்து எரியிறதால புகையும் கூட. உலகம் அதைக் கைவிட்டதற்குப் புகைதான் பெரிய காரணம். சிஆர் 500 2001ஓடு நின்றது, கேஎக்ஸ் 500 2004ஓடு.

நாங்க வாங்கினது பைக் அல்ல, மூன்று உர பேக்கில் கட்டின இரும்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, ஓடுற பைக் எதையும் எங்களால தொட முடியாத விலை. கலஹா பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்து வந்த சாமான் என்று விற்றவர் சொன்னாரு. அதைக் கேட்டதும் எங்களில் ஒருத்தியின் அம்மாயி சிரிக்கல்ல. "துரை சைக்கிளா?" என்று மட்டும் கேட்டாங்க. மலையில கொழுந்து எடுக்கும்போது அந்தச் சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கம் கேட்டாலே பேச்சு நின்றுவிடுமாம். தலை குனிஞ்சு கை வேகமாகுமாம். நாங்க யூடியூபில் தேடித் தேடிக் கேட்ட அதே சத்தம்தான்.

பேக்கைப் பிரிச்சு ஒவ்வொன்றாகக் கழுவினபோதுதான் எங்க யோசனை மாறத் தொடங்கியது. பின் ஸ்விங் ஆர்மில் கம்பெனி புஷ் இல்ல. யாரோ லேத்தில் கடைஞ்ச பித்தளை புஷ். கிளட்ச் கவருக்குப் போட்டிருந்த கேஸ்கட் பால்மா பெட்டி அட்டையில் வெட்டினது. ஃபுட்ரெஸ்ட் பக்கம் சட்டம் வெடிச்ச இடத்தில் ஒரு தகட்டை வைத்து வெல்ட் பிடிச்சிருந்தாங்க. ஒயில் பம்ப் இருந்த இடம் அடைச்சிருந்தது. மேக்னட் கவரைக் கழற்றினால், உள் பக்கத்தில் ஆணியால் கீறின தமிழ்: "0.50. ரிங் புதுசு." எழுதினவர் பெயர் போடல்ல.

0.50 என்றால் என்ன? இந்த எஞ்சினின் சிலிண்டர் அகலம் 70 மில்லிமீற்றர். தேய்ந்தால் கால் மில்லிமீற்றர் போர் அடிச்சு, அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டன் போடணும். 70.25, 70.50, 70.75, 71.00. அதோட முடிஞ்சது, பிறகு ஸ்லீவ் மாத்தணும். அந்தக் கீறலைப் படித்தபோது இந்த எஞ்சின் இரண்டு ஆயுள் வாழ்ந்து முடிச்சிருக்கு என்று விளங்கியது.

இப்போ கேளுங்க, எது ஒரிஜினல்? ஜப்பானில் பெட்டியில் ஏத்தினபோது இருந்த பைக்கா, இங்க இத்தனை வருஷம் ஓடின பைக்கா?

நாங்க எதையும் தொடக்கூடாது என்று சொல்லல்ல. உயிரோடு சம்பந்தப்பட்டதை எல்லாம் யோசிக்காம மாத்தினோம். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் அடிச்சோம். பாயின்ட்டை எடுத்துவிட்டு சிடிஐ வைத்தோம். மெழுகுதிரி மாதிரி எரிஞ்ச 6 வோல்ட் லைட்டை 12 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தோம். பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைஞ்சும் 70.75 பிஸ்டன் கிடைக்கல்ல. கடைசியில் துபாயில் இருந்து லீவில வந்த பக்கத்து வீட்டு அண்ணன் பேக்கில் வந்து சேர்ந்தது. 2022இல் கியூஆர் வந்து, பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்றானபோது, எங்களுடையது அந்த வரிசைக்குக்கூடத் தகுதியில்லாம வாங்கு மேலே கிடந்தது. பிறகு ஓட்டும்போது கணக்கு இதுதான்: இருபதுக்கு ஒன்று, 4 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் ஒயில்.

சைலன்சர் முழுக்க உக்கிப் போயிருந்தது. லேத் கடை பாஸ் ஒரு மில்லிமீற்றர் தகட்டைக் கூம்பு கூம்பாக வெட்டி உருட்டி ஒட்டிக் கொடுத்தாரு. "தம்பி, இது புகை போற குழாய் இல்ல, எஞ்சினில பாதி" என்று சொல்லிச் சொல்லித்தான் வெல்ட் பண்ணினாரு. சரியான பேச்சு. விரியிற கூம்பு எரிந்த வாயுவை இழுக்கும். ஒடுங்கிற கூம்பு அந்த அலையைத் திருப்பி அடிச்சு, வெளியே தப்பப் பார்க்கிற புதுக் கலவையை உள்ளே தள்ளும். இதை ரேஸுக்குத் தகுந்த மாதிரி வளர்த்தெடுத்தவர் கிழக்கு ஜேர்மனியில் எம்இசட் கம்பெனியின் வால்டர் காடன். அந்தக் கம்பெனியின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்தோடு தப்பிப் போய் சுசுகியில் சேர்ந்தாரு. அடுத்த வருஷமே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். ஜப்பான் டூ ஸ்ட்ரோக்கின் வேகத்துக்குள்ளேயே இன்னொருத்தரின் கைவேலை இருக்கு. இன்றைக்கும் அமெரிக்காவில் பழைய சிஆர் 500 எஞ்சினைக் கழற்றி, புதிய ஹொண்டாவின் அலுமினியச் சட்டத்தில் ஏத்துகிறார்கள். அதற்கு "ஏஎஃப்" என்று மரியாதையான பெயரும் இருக்கு. நம்ம பாஸ் செய்தால் மட்டும் அது "ஒப்பேத்தினது".

வேலை முடியப் போகும்போது கொழும்பிலிருந்து ஒருத்தர் பார்க்க வந்தாரு. நல்ல மனுஷன், விஷயம் தெரிஞ்சவர். சட்டத்தில் இருக்கிற அந்தத் தகட்டை வெட்டி எடுத்து, கம்பெனி மாதிரி செய்து, டேங்குக்கும் பழைய நிறம் அடிச்சுத் தந்தால் கேட்ட விலை தருவதாகச் சொன்னாரு. எங்களில் ஒருத்தனுக்கு அப்போ கட்டார் போகக் காசு வேணும். அன்று இரவு நாலு பேரும் நல்லாவே சண்டை பிடிச்சோம். "இரும்புத் தகட்டுக்கு என்னடா சரித்திரம்?" என்று அவன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான்.

எங்க ஆட்கள் பல தலைமுறையாகக் கண்டி மாநகர சபையில் துப்புரவு வேலை செய்தவங்க. நகரம் சுத்தமாக இருந்தால் அவங்க கை வெளியே தெரியாது. இன்டர்வியூவில் மஹய்யாவ என்ற விலாசத்தைப் பார்த்ததும் கேக்குறவர் குரல் மாறுவதை எங்களில் இரண்டு பேர் கேட்டிருக்கிறோம். விலாசத்தை மாத்திப் போடு என்று புத்தி சொன்னவங்களும் உண்டு. அந்தத் தகட்டை வெட்டி எடு என்று சொன்னதும் எங்களுக்கு அதே புத்திமதி மாதிரித்தான் கேட்டது.

தகடு இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். மூன்று பேரும் சேர்ந்து ஒரு சீட்டு எடுத்து அவன் பங்கைக் கொடுத்தோம். அவன் கட்டார் போயிட்டான். சீட்டு இன்னும் ஏழு மாசம் கட்டணும்.

இப்போ மேக்னட் கவர் உள்ளே பழைய கீறலுக்குக் கீழே இன்னொரு வரி இருக்கு: "0.75. பிஸ்டன் புதுசு." நாலு பேர் பெயரையும், லேத் பாஸ் பெயரையும், மஹய்யாவ என்பதையும் சேர்த்துத்தான் கீறினோம். அடுத்துத் திறக்கிறவருக்கு இன்னும் கால் மில்லிமீற்றர் மிச்சம் இருக்கு.